மக்குவாரி: கைதிகளுக்கு நிலம் கொடுத்த ஆளுநர் அந்த நிலத்தை எங்கிருந்து எடுத்தார்?

சிட்னியை மையமாகக் கொண்ட பிரிட்டிஷ் காலனியான நியூ சவுத் வேல்ஸை 1810 முதல் 1821 வரை ஆண்ட ஆளுநர் லாக்லன் மக்குவாரி. சிட்னி நகரின் ஹைட் பூங்காவில் அவருக்கு 2013-இல் ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். அவரைக் குறையற்ற கனவான் என்றும் நல்ல கிறிஸ்தவர் என்றும் மனித மனத்துக்குச் சட்டம் வகுத்த மேலோர் என்றும் அதன் வாசகம் புகழ்கிறது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2017 ஆகஸ்டில், இரவோடிரவாக யாரோ அதன்மேல் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். ஆஸ்திரேலிய தினமான ஜனவரி 26 நெருங்கும்போது இந்தப் பெயர் மீண்டும் மீண்டும் செய்திகளில் அடிபடுகிறது. ஒரு தரப்புக்கு அவர் 'ஆஸ்திரேலியாவின் தந்தை'. இன்னொரு தரப்புக்குப் படுகொலைக்கு ஆணையிட்டவர்.

வெளியிலிருந்து படிப்பவரைக் குழப்புவது, இரு தரப்புமே ஆவணங்களைக் காட்டுகின்றன என்பதுதான். கைதிகளாக வந்தவர்களை நீதிபதி நாற்காலியில் உட்காரவைத்ததும் அவரே. கொல்லப்பட்ட பூர்வகுடிகளின் உடல்களை மரத்தில் தொங்கவிடச் சொன்னதும் அவரே. 'நல்லதும் கெட்டதும் கலந்த மனிதர்' என்று சொல்லிக் கடந்துபோகலாம். ஆனால் அந்த வாக்கியம் எதையும் விளக்குவதில்லை. அவருடைய தாராளமும் அவருடைய கொடூரமும் ஒரே நிர்வாக முறையிலிருந்து கிளைத்தவை; முதலாவதற்கான செலவை இரண்டாவது ஈடுகட்டியது. அதைப் புரிந்துகொள்ள, அந்தக் காலனி எப்படிப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சிறைச்சாலையாகத் தொடங்கிய காலனி

1788 ஜனவரி 26 அன்று பிரிட்டனின் முதல் கைதிக் கப்பல்கள் சிட்னியில் கரை சேர்ந்தன. நாடுகடத்தல் என்பது அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் ஒரு முறையான தண்டனை: 7 ஆண்டு, 14 ஆண்டு அல்லது ஆயுள். 1868 வரை நீடித்த இந்த ஏற்பாட்டில் 1,60,000-க்கும் மேற்பட்டோர் ஆஸ்திரேலியக் கரைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். நியூ சவுத் வேல்ஸ் அவர்களுக்கான முதல் இடம்.

சிலை விவாதத்தைப் பின்தொடர நான்கு சொற்கள் தெரிந்திருந்தால் போதும்.

1. ஆளுநர். 1823 வரை அங்கே சட்டமன்றம் கிடையாது, ஆலோசனைச் சபைகூடக் கிடையாது. சட்டம் போடுவது, நிலம் கொடுப்பது, பதவியில் அமர்த்துவது, தண்டனையைக் குறைப்பது எல்லாம் ஒரே கையில். லண்டனுக்குக் கடிதம் போய்ப் பதில் வர ஓராண்டுகூட ஆகும். அந்த ஓராண்டுக்குள் செய்து முடித்தது முடித்ததுதான்.

2. விடுப்புச் சீட்டு. தண்டனைக் காலம் முடியுமுன்பே, காலனிக்குள் தன் உழைப்பைத் தானே விற்றுப் பிழைக்கக் கைதிக்குத் தரப்படும் அனுமதி. இதற்கு மேல்படி, ஆளுநரின் மன்னிப்பு.

3. எமான்சிபிஸ்ட். தண்டனை முடிந்தோ மன்னிக்கப்பட்டோ விடுதலையான முன்னாள் கைதி. இவர்களைத் தங்கள் மேசையில் சேர்க்க மறுத்த அதிகாரிகளும் பணக்காரக் குடியேறிகளும் எக்ஸ்குளூசிவ்கள் எனப்பட்டார்கள். காலனியின் முதல் அரசியல் பிளவு இதுதான்.

4. நிலக்கொடை. மன்னரின் பெயரால் ஆளுநர் எழுதிக்கொடுக்கும் பட்டா. அங்கே ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த மக்களோடு எந்த உடன்படிக்கையும் செய்யப்படவில்லை. நிலம் முழுவதும் மன்னருடையது என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. அதை யாரும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

ஏன் ஒரு தரைப்படை அதிகாரி?

முதல் நான்கு ஆளுநர்களான பிலிப், ஹன்டர், கிங், பிளை ஆகியோர் கடற்படைக்காரர்கள். காலனியில் இருந்த துப்பாக்கிகளோ தரைப்படைக்குச் சொந்தமானவை. நியூ சவுத் வேல்ஸ் கோர் என்ற அந்தப் படையின் அதிகாரிகள் ரம் இறக்குமதியில் பணம் பார்த்தார்கள். காசுக்குத் தட்டுப்பாடான ஊரில் ரம்மே கூலியாகவும் விலையாகவும் புழங்கியது. அதைத் தடுக்கப் போனவர் வில்லியம் பிளை. பவுன்ட்டி கப்பலில் ஏற்கெனவே ஒரு கலகத்தைச் சந்தித்தவர் என்பதால் அவருடைய பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். 1808 ஜனவரி 26 அன்று, குடியேற்றத்தின் 20-ஆம் ஆண்டு நிறைவு நாளிலேயே, அந்தப் படை ஆளுநர் மாளிகைக்குள் புகுந்து பிளையைக் கைது செய்தது.

லண்டன் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தது. படை கேட்காத ஆளுநரை அனுப்பிப் பயனில்லை; ஆளுநரே தன் படையோடு போக வேண்டும். பிரிட்டிஷ் அரசில் அப்போது போருக்கும் காலனிகளுக்கும் ஒரே அமைச்சர்தான் (1801 முதல் 1854 வரை அப்படித்தான் இருந்தது), ஆகவே இந்த எண்ணம் எவருக்கும் விநோதமாகப் படவில்லை. 73-ஆம் ரெஜிமென்ட்டை அனுப்பி, பழைய படையைத் திருப்பி அழைப்பது என்று தீர்மானமானது. முதலில் ஆளுநராக நியமிக்கப்பட்டவர் மைல்ஸ் நைட்டிங்கேல் என்ற தளபதி. அவர் உடல்நலக் குறைவால் விலகிக்கொள்ள, ரெஜிமென்ட்டை நடத்திச்செல்லவிருந்த லெப்டினன்ட் கர்னல் மக்குவாரிக்கு அந்தப் பதவி வந்து சேர்ந்தது. 'ஆஸ்திரேலியாவின் தந்தை' மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கியவர் என்பதை அவருடைய புகழ்பாடிகள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

1809 டிசம்பர் இறுதியில் 'ஹிந்துஸ்தான்', 'டிரோமெடரி' என்ற இரு கப்பல்கள் சிட்னியை அடைந்தன. 1810 ஜனவரி 1 அன்று பதவியேற்ற மக்குவாரி, கலகக்காரர்கள் கொடுத்த பதவிகளையும் நிலங்களையும் ரத்து செய்தார். பிளையை ஒரே ஒரு நாள் மீண்டும் ஆளுநராக்கிவிட்டுப் பொறுப்பேற்க வேண்டும் என்பது லண்டனின் உத்தரவு. அவர் டாஸ்மேனியா பக்கம் போயிருந்ததால் அந்தச் சடங்கு நடக்கவில்லை.

சிட்னிக்கு முன்: கொச்சி, காலி, ஸ்ரீரங்கப்பட்டணம்

மக்குவாரி 1762-இல் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைத் தீவுகளில், வசதியில்லாத ஒரு குடும்பத்தில் பிறந்தவர். தாய்மாமன் ஒரு சிறு குலத் தலைவர். அந்தச் செல்வாக்கில் பதின்ம வயதிலேயே பட்டாளத்தில் சேர்ந்தார். அமெரிக்க விடுதலைப் போரின்போது அங்கும் பிறகு ஜமைக்காவிலும் இருந்தார். சண்டை முடிந்ததும் அரைச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பணமில்லாத ஓர் அதிகாரிக்கு அன்று திறந்திருந்த பெரிய கதவு இந்தியா. 1788-இல் 77-ஆம் ரெஜிமென்ட்டோடு பம்பாயில் வந்திறங்கினார்.

அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகள்தான் அவரை உருவாக்கின. திப்பு சுல்தானுக்கு எதிராக 1792-லும் 1799-லும் ஸ்ரீரங்கப்பட்டணம். 1795-இல் டச்சுக்காரர்களிடமிருந்து கொச்சி. 1796 பிப்ரவரியில் இலங்கையின் காலிக் கோட்டையை ஏற்றுக்கொண்ட பிரிட்டிஷ் அதிகாரி அவர்தான். 1797-இல் வயநாட்டுப் பக்கம் பழசி ராஜாவுக்கு எதிரான போர். கடைசியாகச் சொன்னது கவனிக்கத்தக்கது. காட்டுக்குள் மறைந்து தாக்கும் எதிரியை ஊர் ஊராகத் தேடிப் பிடிக்கும் போர்முறை அவருக்கு ஏற்கெனவே பழக்கமானது.

1795 ஜனவரியில் கொச்சியில் அவர் இரண்டு சிறுவர்களை அடிமைகளாக விலைக்கு வாங்கினார். இருவருக்கும் சேர்த்து 170 ரூபாய். ஆரோக்கியமான, லட்சணமான பையன்கள் என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஒருவனுக்கு ஹெக்டர் என்றும் மற்றவனுக்கு ஜார்ஜ் என்றும் பெயரிட்டுப் பம்பாயில் பள்ளிக்கு அனுப்பினார். ஹெக்டர் பிற்பாடு காணாமல் போனான். ஜார்ஜ் ஜார்விஸ் என்று அழைக்கப்பட்ட மற்றவர், மக்குவாரியோடு இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய், எஜமானருக்கு அடுத்த ஆண்டு, 1825-இல் ஸ்காட்லாந்தில் இறந்தார். அந்தக் குடும்பப் பெயர் மக்குவாரியின் முதல் மனைவி ஜேனின் வீட்டுப் பெயர். ஆன்டிகுவா தீவில் அடிமைத் தோட்டங்கள் வைத்திருந்த குடும்பம். ஜார்ஜை அவர் அன்பாகவே நடத்தினார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. நடத்தியிருக்கலாம். பிள்ளையை விலைக்கு வாங்கிப் பெயரை மாற்றிப் படிக்கவைப்பது தர்மம் என்று நினைத்த மனிதர், ஆளுநரான பிறகு பூர்வகுடிக் குழந்தைகளுக்காக என்ன செய்தார் என்பதைக் கீழே பார்ப்போம்.

ஓட்டைக் காசும் ரம் மருத்துவமனையும்

மக்குவாரியின் நிர்வாகத் திறமையை எவரும் மறுப்பதில்லை. அவரே கொடுத்த கணக்கின்படி 1810-இல் சுமார் 11,600 ஆக இருந்த காலனியின் குடியேறிய மக்கள்தொகை, 1821-இல் 38,800-ஐ நெருங்கியது. அவ்வளவு பேருக்கும் சாலை, குடியிருப்பு, மருத்துவமனை, காசு எல்லாமே புதிதாக வேண்டியிருந்தது.

காசுக்கு அவர் கண்ட வழியைச் சற்று நின்று பார்க்கலாம். 1812-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய 40,000 ஸ்பானிய வெள்ளி டாலர்கள் சென்னையிலிருந்து 'சமராங்' கப்பலில் சிட்னிக்கு வந்தன. வந்ததை அப்படியே புழக்கத்தில் விட்டால், அடுத்த சரக்குக் கப்பலிலேயே அது ஊரைவிட்டுப் போய்விடும். வெளியூர் வியாபாரிக்குத் தேவை வெள்ளி. ஆகவே கள்ள நாணய வழக்கில் நாடுகடத்தப்பட்டிருந்த வில்லியம் ஹென்ஷால் என்பவரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு டாலரின் நடுவிலும் வட்டமாக வெட்டி எடுக்கச் சொன்னார். வெளி வளையத்துக்கு 5 ஷில்லிங், நடுத்துண்டுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸ் என்று மதிப்பு அச்சிடப்பட்டது. ஒரு டாலர் இரண்டு காசாகி, மதிப்பு கால் பங்கு கூடியது. காலனிக்கு வெளியே அந்த மதிப்பு செல்லாது என்பதால் காசு ஊரிலேயே தங்கியது. 1817-இல் நியூ சவுத் வேல்ஸ் வங்கி தொடங்கியது. இன்றைய வெஸ்ட்பேக் வங்கியின் மூலம் அதுதான்.

மருத்துவமனை கட்டப் பணமில்லை என்றபோது மூன்று ஒப்பந்தக்காரர்களுக்கு ரம் இறக்குமதி ஏகபோகத்தையே கூலியாகக் கொடுத்தார். முதலில் 45,000 காலன், பிறகு 60,000. ரம் வியாபாரத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் ரம்மைக் கொண்டே மருத்துவமனை எழுப்பினார். அதன் ஒரு பகுதியில்தான் இன்று நியூ சவுத் வேல்ஸ் நாடாளுமன்றம் இயங்குகிறது.

'ஆஸ்திரேலியா' என்ற பெயரை அதிகாரபூர்வமாக ஏற்கும்படி 1817-இல் லண்டனுக்குப் பரிந்துரைத்தவரும், 1818 ஜனவரி 26-ஐ 30 பீரங்கி முழக்கத்தோடு அரசு விழாவாக்கியவரும் மக்குவாரிதான். அந்த நாளைப் பற்றிய இன்றைய சண்டையில் அவருடைய சிலைக்கும் பங்கு கிடைப்பதற்கு இது ஒரு காரணம்.

ரெஜிமென்ட்டாகப் பார்க்கப்பட்ட ஊர்

மக்குவாரி காலனியை ஒரு ரெஜிமென்ட்டாகவே நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை கைதிகள் அணிவகுத்துத் தேவாலயத்துக்குப் போக வேண்டும். மணமாகாமல் சேர்ந்து வாழ்வதைக் கண்டித்து அறிவிப்பு வரும். ஒழுங்காக இருப்பவனுக்குப் பதவி உயர்வு. ஒழுங்கு மீறியவனுக்குச் சவுக்கடி, அது 1816-இல் அரசுத் தோட்டத்துக்குள் அத்துமீறிய சுதந்திரக் குடிமக்களாக இருந்தாலும், விசாரணையே இல்லாமல்.

இந்தப் பார்வையின் நல்ல பக்கம்தான் எமான்சிபிஸ்ட் கொள்கை. தண்டனை முடிந்தால் கணக்கும் முடிந்தது. அதன்பின் ஒருவனின் பழைய குற்றத்தைக் கிளறக்கூடாது என்பது அவருடைய உறுதி. துணி திருடிய வழக்கில் வந்து வியாபாரியாகிவிட்ட சிமியன் லார்டும், ஆண்ட்ரூ தாம்ப்சனும் நீதிபதிகளானார்கள். கடற்படைக் கலகத்தில் தண்டிக்கப்பட்ட வில்லியம் ரெட்ஃபர்ன், ஆளுநரின் குடும்ப மருத்துவரானார். போலி ஆவண வழக்கில் வந்த பிரான்சிஸ் கிரீன்வே அரசுக் கட்டடக் கலைஞராகி, சிட்னியின் அழகான கட்டடங்கள் சிலவற்றைத் தந்தார். ஆஸ்திரேலியாவின் முதல் பத்து டாலர் நோட்டில் அச்சானது அதே கிரீன்வேயின் முகம். போலி ஆவணக் குற்றவாளிக்குப் பண நோட்டில் இடம் கொடுத்த நாடு வேறு உண்டா என்பது சந்தேகமே.

எதிர்ப்பு உடனே வந்தது. சாமுவேல் மார்ஸ்டன் என்ற பாதிரியார் லார்டோடும் தாம்ப்சனோடும் ஒரே குழுவில் உட்கார மறுத்தார். ஜெஃப்ரி பென்ட் என்ற நீதிபதி, முன்னாள் கைதிகள் வழக்கறிஞர்களாகத் தன் நீதிமன்றத்தில் வாதாட விடமாட்டேன் என்றார். மக்குவாரி விட்டுக்கொடுக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவருடைய பிடிவாதம் பெருமைக்குரியது.

ஆனால் விடுதலையான கைதிக்கு வேலை வேண்டும், சாப்பாடு வேண்டும். அரசுக்கு அது செலவு. செலவில்லாமல் கொடுக்கக்கூடியதாக ஆளுநரின் கையில் இருந்தது ஒன்றே: நிலம். சாதாரணமாக ஒரு முன்னாள் கைதிக்கு 30 ஏக்கர், மனைவி மக்கள் இருந்தால் அதற்கு மேல். சிட்னிக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் பரந்து கிடந்த கம்பர்லாண்ட் சமவெளி இப்படித் துண்டு துண்டாக எழுதிக்கொடுக்கப்பட்டது. தாருக், தாராவல், குந்துங்குரா என்ற பூர்வகுடி மக்கள் வேட்டையாடிய, கிழங்கு தோண்டிய, சடங்கு நடத்திய இடங்கள் அவை. அப்படிப் பட்டா போடப்பட்ட ஓர் இடத்துக்கு, தன் இரண்டாவது மனைவி எலிசபெத் பிறந்த ஸ்காட்லாந்துப் பகுதியின் பெயரை மக்குவாரி வைத்தார். ஆப்பின்.

ஆப்பின், 1816 ஏப்ரல்

1814 முதல் 1816 வரை கடும் வறட்சி. நீபியன் ஆற்றங்கரைப் பண்ணைகளில் விளைந்த மக்காச்சோளத்தைப் பறிக்கப் பூர்வகுடிகள் வந்தார்கள், குடியேறிகள் சுட்டார்கள், பதிலுக்கு ஈட்டிகள் பாய்ந்தன, இரு பக்கமும் பிணங்கள் விழுந்தன. 1814-இல் நடந்த மோதல்களை விசாரித்த மக்குவாரியே, முதலில் கைநீட்டியவர்கள் குடியேறிகள் என்று பகிரங்க ஆணையில் குறிப்பிட்டு அவர்களைக் கண்டித்தார்.

அதே ஆண்டு இறுதியில் அவர் வேறொரு வழியையும் திறந்தார். சிட்னிக்கு மேற்கே உள்ள பாராமட்டாவில் பூர்வகுடிகளுக்கு ஆண்டு விருந்து. 1815 ஜனவரியில் அவர்களின் பிள்ளைகளுக்கு ஓர் உறைவிடப் பள்ளி. எழுத்து, தையல், விவசாயம் சொல்லித்தரப்பட்டது. 1819 தேர்வில் அங்கே படித்த பூர்வகுடிச் சிறுமி ஒருத்தி வெள்ளைப் பிள்ளைகளை மிஞ்சி முதல் பரிசு வாங்கினாள். விதிகளைப் படித்தால் வேறொன்று தெரியும். சேர்த்த பிள்ளையைப் பெற்றோர் திரும்பக் கேட்க முடியாது. ஆணுக்கு 16, பெண்ணுக்கு 14 வயது ஆகும்வரை. பார்க்க வருவதென்றால் ஆண்டில் ஒரு நாள், விருந்து நாளில். விஷயம் புரிந்ததும் பல பெற்றோர் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள்.

1816 மார்ச்சில் மீண்டும் குடியேறிகள் கொல்லப்பட்டபோது ஆளுநர் படையைக் கிளப்பினார். ஏப்ரலில் மூன்று பிரிவுகள் புறப்பட்டன. அவருடைய எழுத்துபூர்வ உத்தரவின் சாரம் இது:

1. எதிர்ப்படும் பூர்வகுடிகளைச் சரணடையச் சொல்ல வேண்டும். பிடிபடுபவர்கள் போர்க் கைதிகள்.
2. எதிர்த்தாலோ ஓட முயன்றாலோ சுட வேண்டும்.
3. கொல்லப்படுபவர்கள் வளர்ந்த ஆண்களாக இருந்தால், எஞ்சியவர்கள் அஞ்சும்படி, அந்த உடல்களைக் கண்ணில் படும் இடங்களில் மரத்தில் தொங்கவிட வேண்டும். பெண்களையும் குழந்தைகளையும் கூடியவரை கொல்லாமல் விட வேண்டும். இறந்தால் புதைக்க வேண்டும்.
4. பிடிபட்டவர்களிலிருந்து ஆரோக்கியமான, லட்சணமான குழந்தைகளைத் தேர்ந்தெடுத்துப் பாராமட்டா பள்ளிக்குக் கொண்டுவர வேண்டும்.

நான்காவதை அவரை மனிதநேயர் என்பவர்களும் மூன்றாவதை அவரைக் கொலைகாரர் என்பவர்களும் மேற்கோள் காட்டுகிறார்கள். இரண்டும் ஒரே தாளில் உள்ளவை. தன் வரிசைக்குள் சேர்ந்தவனை உயர்த்துவதும், சேர மறுத்து வெளியே நிற்பவனை அடக்குவதும், அவன் பிள்ளையை எடுத்து வரிசைக்குள் கொண்டுவருவதும் ரெஜிமென்ட் மனதுக்கு முரணாகத் தெரியவில்லை.

கேப்டன் ஜேம்ஸ் வாலிஸின் பிரிவுக்கு வழிகாட்டியாகப் போனவர் ஜான் வார்பி. கழுதைகளைத் திருடிய வழக்கில் நாடுகடத்தப்பட்டு, விடுதலையாகி, அந்தப் பகுதியில் குடியேறியவர். தாராவல் மக்களோடு பழகியவர். கூட வந்த இரு பூர்வகுடி வழிகாட்டிகள் நழுவிப்போனபோது, அவர்களுக்கு நான் பொறுப்பில்லை என்றார் வார்பி. பிறகு அவரையும் காணவில்லை. மக்குவாரியின் தாராளத்தால் பிழைத்த எமான்சிபிஸ்ட் வர்க்கத்தைச் சேர்ந்த ஒருவர், மக்குவாரியின் படைக்கு வழிகாட்டாமல் விலகியது, இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு நிகழ்ச்சி.

ஏப்ரல் 17 அதிகாலை, நிலா வெளிச்சத்தில், கேட்டராக்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒரு முகாமைச் சிப்பாய்கள் கண்டுபிடித்தார்கள். நெருப்பு எரிந்துகொண்டிருந்தது, ஆட்கள் இல்லை. ஒரு குழந்தையின் அழுகை காட்டிக்கொடுத்தது. நாய்கள் குரைத்தன. சிப்பாய்கள் சுட ஆரம்பித்தார்கள். ஓடியவர்களுக்கு முன்னால் செங்குத்தான பாறைச் சரிவு. சிலர் குண்டு பட்டு இறந்தார்கள், சிலர் பள்ளத்தில் விழுந்து இறந்தார்கள். வாலிஸ் எண்ணிய உடல்கள் 14. பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். பள்ளத்தில் விழுந்த அனைவரையும் எண்ணியிருக்க முடியாது என்பதால், அந்த எண் கீழ்வரம்பு மட்டுமே. உயிரோடு பிடிபட்டவர்கள் இரு பெண்களும் மூன்று குழந்தைகளும். கன்னபயாகல், துரெல் என்ற இரு ஆண்களின் உடல்கள் உத்தரவுப்படி ஒரு பண்ணையருகே தொங்கவிடப்பட்டன. கன்னபயாகலின் மண்டையோடு பிறகு எடின்பரோவுக்குப் போய், 1991-இல்தான் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பியது. வாலிஸ் அடுத்த சில வாரங்களில் சிட்னிக்கு வடக்கே இருந்த நியூகாசில் குடியேற்றத்தின் பொறுப்பதிகாரியாக நியமிக்கப்பட்டார்.

மே 4 அன்று வந்த பிரகடனம், பூர்வகுடிகள் ஆயுதத்தோடு ஊருக்கோ பண்ணைக்கோ ஒரு மைல் தூரத்துக்குள் வரக்கூடாது, ஆயுதமில்லாவிட்டாலும் பண்ணையருகே ஆறு பேருக்கு மேல் கூடக்கூடாது என்றது. அமைதியாக வாழச் சம்மதிப்பவர்களுக்கு ஒரு சான்றுச் சீட்டு. விடுப்புச் சீட்டில்லாமல் நடமாட முடியாத கைதியின் நிலை இப்போது அந்த மண்ணின் சொந்தக்காரர்களுக்கு வந்தது.

அவருக்காக வைக்கப்படும் மூன்று வாதங்கள்

'அந்தக் காலத்து வழக்கம் அது' என்பது முதலாவது. பாதி உண்மை. குற்றவாளியின் உடலைத் தூக்குச் சங்கிலியில் தொங்கவிடுவது இங்கிலாந்தில் 1834 வரை சட்டபூர்வமானது. ஆனால் அங்கே அதற்கு முன்னால் விசாரணையும் தீர்ப்பும் உண்டு. அந்தக் காலத்தவர் எல்லோரும் ஒரே மாதிரி நினைக்கவும் இல்லை: சார்ல்ஸ் த்ராஸ்பி என்ற குடியேறி அதே மாதம் எழுதிய கடிதத்தில், பூர்வகுடிகளின் கோபத்துக்குக் குடியேறிகள் செய்த அட்டூழியங்களே காரணம் என்று வாதிட்டார். வார்பியும் அந்தக் காலத்தவர்தான்.

'குடியேறிகளைக் காப்பாற்றுவது ஆளுநரின் கடமை' என்பது இரண்டாவது. கடமைதான். ஆனால் பிரிட்டனின் சொந்தச் சட்டப்படி பூர்வகுடிகளும் மன்னரின் குடிகள். காப்பாற்றும் கடமை அவர்களுக்கும் உண்டு. ராணுவச் சட்டம் எதுவும் பிரகடனம் செய்யாமலேயே அவர்களைப் போர்க் கைதிகள் என்று அவர் எழுதினார். குடிமக்களாக இருந்தால் விசாரணை வேண்டும், எதிரிகளாக இருந்தால் அந்த நிலம் அவர்களுடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவருடைய ஆணை இரண்டையும் செய்யவில்லை.

மூன்றாவது, 'கைது செய்யத்தான் சொன்னார், வாலிஸ் மீறிவிட்டார்' என்பது. ஓடுபவனைச் சுடு என்ற வரி இருக்கும்போது, இரவில் முகாமைத் தேடிப்போன சிப்பாய் எதை மீறினான் என்று கேட்டால் இந்த வாதம் நிற்பதில்லை. ஆப்பின் படுகொலை நடந்த நிலப்பகுதியை 2022-இல் நியூ சவுத் வேல்ஸ் அரசே தன் பாரம்பரியப் பதிவேட்டில் சேர்த்துவிட்டது.

லண்டனின் கோபம் வேறு

மக்குவாரி விசாரிக்கப்பட்டார். ஆனால் இதற்காக இல்லை. நெப்போலியப் போர்கள் முடிந்த பின் பிரிட்டனில் வேலையின்மையும் குற்றமும் பெருகி, கப்பல் கப்பலாகக் கைதிகள் வந்தார்கள், செலவும் ஏறியது. நாடுகடத்தல் என்றால் ஏழைகள் நடுங்க வேண்டும், நியூ சவுத் வேல்ஸ் அப்படி இல்லையே என்பது அமைச்சர் பாத்தர்ஸ்ட் பிரபுவின் கவலை. 1819-இல் ஜான் தாமஸ் பிக் என்ற ஆணையரை அனுப்பினார். பிக் முன்பு டிரினிடாட்டில் தலைமை நீதிபதியாக இருந்தவர். எக்ஸ்குளூசிவ்களின் புகார்களைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

அவருடைய மூன்று அறிக்கைகளும் 1822-லும் 1823-லும் வெளிவந்தன. கட்டடங்கள் ஆடம்பரம், கைதிகளுக்குச் சலுகை அதிகம், முன்னாள் கைதிகளுக்குப் பதவி தவறு. கைதிகளைப் பெரிய பண்ணைக்காரர்களிடம் ஒப்படைத்து ஆடு மேய்க்க வைக்க வேண்டும், நிலத்தை மூலதனம் உள்ளவர்களுக்கே கொடுக்க வேண்டும். மக்குவாரி 1821 டிசம்பரில் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார். தன்மீதான பழியைத் துடைக்க முயன்றபடியே 1824 ஜூலை 1 அன்று லண்டனில் இறந்தார். இன்று அவரைக் கொண்டாடுபவர்கள் எதற்காகக் கொண்டாடுகிறார்களோ அதற்காகத்தான் அன்று அவர் அவமதிக்கப்பட்டார். இன்று எதற்காக வெறுக்கப்படுகிறாரோ அது அன்றைய லண்டனின் தூக்கத்தைக் கெடுத்ததாகத் தெரியவில்லை.

பிறகு நடந்தவை

1. அதிகாரம். 1823-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஆளுநருக்கு ஓர் ஆலோசனைச் சபையை உருவாக்கியது. ஒற்றை மனிதர் ஆட்சியிலிருந்து விலகும் முதல் அடி அது. பட்டாளத்துக்காரர்கள் மட்டும் மாறவில்லை: பிரிஸ்பேன், டார்லிங், போர்க், கிப்ஸ் என்று அடுத்து வந்தவர்களும் தரைப்படை அதிகாரிகளே.

2. மேற்கு. மக்குவாரி 1814-15-இல் 30 கைதிகளைக் கொண்டு ஆறே மாதத்தில் நீல மலைகளின் குறுக்கே போடவைத்த சாலை, பாத்தர்ஸ்ட் சமவெளியைத் திறந்துவிட்டது. சாலை போட்ட கைதிகளுக்கு விடுதலை பரிசாகக் கிடைத்தது. பிக்கின் யோசனைப்படி ஆட்டு மந்தைகள் அந்தச் சாலையில் ஏறின. விராஜுரி மக்கள் எதிர்த்தார்கள். மக்குவாரி இறந்த அடுத்த மாதமே, 1824 ஆகஸ்டில், ஆளுநர் பிரிஸ்பேன் அங்கே ராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார்.

3. படை. மக்குவாரியோடு வந்த 73-ஆம் ரெஜிமென்ட் 1814-இல் சிட்னியிலிருந்து இலங்கைக்கு மாற்றப்பட்டு, கண்டி ராஜ்ஜியத்தை வீழ்த்திய நடவடிக்கைகளிலும் 1817-18 கிளர்ச்சியை அடக்கியதிலும் பங்கேற்றது. ஆப்பினுக்குப் போனது அதற்குப் பதிலாக வந்த 46-ஆம் ரெஜிமென்ட்.

4. நிலம். 1835-இல் ஜான் பேட்மன் என்பவர் இன்றைய மெல்போர்ன் பகுதிப் பூர்வகுடிகளோடு ஒரு நில ஒப்பந்தம் செய்துகொண்டபோது, ஆளுநர் போர்க் அது செல்லாது என்று அறிவித்தார். நிலம் மன்னருடையது, வேறு எவரும் விற்கவோ வாங்கவோ முடியாது. 1992 ஜூன் 3 அன்று மேபோ வழக்கில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் பூர்வகுடி நில உரிமையை ஏற்கும்வரை அந்த நிலைப்பாடே சட்டமாக இருந்தது. ஆனால் அரசு தனியாருக்கு முழு உரிமையோடு எழுதிக்கொடுத்துவிட்ட நிலத்தில் அந்த உரிமை அழிந்துபோனது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. கம்பர்லாண்ட் சமவெளியில் மக்குவாரி கையெழுத்திட்ட பட்டாக்கள் அந்த வகையில்தான் வருகின்றன.